தோல்வியிற் பிறந்த சாதனம்

பொறியியல் வரலாறு வெற்றியீட்டிய யந்திரங்களின் வரலாறு மட்டுமன்று என்பதற்குச் 'சிலிப்பர் கிளச்' தக்கதொரு சான்றாகும். 1970களின் இறுதியில் 500 கன சென்ரிமீற்றர் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஈரடிப்பு எஞ்சின்களே ஆதிக்கம் செலுத்தின. அவற்றுக்கெதிராக யப்பானின் ஹொண்டா நிறுவனம் 1979இல் என்.ஆர்.500 என்னும் நாலடிப்பு வண்டியைக் களமிறக்கியது.

வளைவை அணுகும் ஓட்டுநர் கியரை இறக்கும்போது பின்சில்லு எஞ்சினைச் சுழற்ற முயல்கின்றது. நாலடிப்பு எஞ்சினோ அதனை வலுவாகத் தடுக்கின்றது. பாரம் முன்சில்லுக்கு மாறியிருப்பதாற் பின்சில்லு பிடிப்பிழந்து துள்ளும். ஓட்டுநர் வீழவும் நேரிடும். இதனைத் தணிக்கவே, பின்னோக்கி வரும் முறுக்கம் மிகும்போது நழுவிக்கொடுக்கும் கிளச் அதிற் பொருத்தப்பட்டது.

பின்னாளிற் பரவிய அமைப்பில், அம்முறுக்கம் கிளச்சின் மையப்பகுதியைச் சரிவுத் தளங்களின்மீது ஏற்றுகின்றது. அமுக்குத் தட்டு உயர, ஏனைய தட்டுகளின் இறுக்கம் தளர்கின்றது. நழுவும் அளவைச் சரிவின் கோணமும் வில்லின் விசையும் நிர்ணயிக்கின்றன. மிகையாக நழுவினால் எஞ்சினின் தடுப்புதவி அற்றுப்போகும். குறைவாக நழுவினாற் சில்லு மீண்டுந் துள்ளும்.

என்.ஆர்.500 உலகப் பந்தயத்தில் ஒரு புள்ளிதானும் பெறவில்லை. ஆயினும், 2002இல் அப்பந்தயம் நாலடிப்புக்குத் திரும்பியபோது, தோற்ற வண்டியின் இச்சாதனமே வென்ற வண்டிகளுக்கும் இன்றியமையாததாயிற்று.