வானம் பார்த்த பூமியும் இதயத்தின் பீட்டா ஏற்பிகளும்



மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். நான் எஞ்சினீயர், மருத்துவன் அல்ல. ஆனாலும் நாற்பதைத் தொடாத நம் செட்டிலேயே சிலர் சட்டைப் பையில் பிரஷர் மாத்திரையோடு அலைகிற காலம் இது. அந்த மாத்திரைகளில் ஒரு வகைக்குப் பின்னால் உள்ள வரலாறு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஆளுக்குச் சட்டென்று புரியும். அதனால் அதையே எழுதுகிறேன்.

நம்ம பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாயில் தண்ணீர் குறைந்தால் சம்சாரி என்ன செய்வார்? மழையை வரவழைக்க அவரால் ஆகாது. நெல்லை விட்டுவிட்டுக் குதிரைவாலியோ கம்போ போடுவார். வரத்தைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறை என்பது நம் பாட்டன் காலத்துக் கணக்கு. மாரடைப்பு, நெஞ்சுவலி விஷயத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மருத்துவ உலகத்துக்கு 1950-கள் வரை ஆயிற்று.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். பயம், கோபம், ஓட்டம் என்று எது வந்தாலும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும், நரம்பு நுனிகள் நார்அட்ரினலினையும் விடுகின்றன. மில் சங்கு ஊதுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கு ஊதினால் போதுமா? கேட்கக் காது வேண்டுமே! செல்களின் மேல் இருக்கும் அந்தக் காதுகள்தான் ஏற்பிகள். 1948-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட், ஆறு பொருள்களின் விளைவை ஒப்பிட்டு, இந்தக் காதுகள் ஆல்பா, பீட்டா என இரண்டு வகை என்றார். ஆல்பா ரத்தக் குழாயைச் சுருக்கும். பீட்டா இதயத்தை வேகமாகவும் பலமாகவும் துடிக்க வைக்கும். 1967-இல் பீட்டாவும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பீட்டா-1க்கு முக்கிய இடம் இதயம். பீட்டா-2 மூச்சுக் குழாயையும் ரத்தக் குழாயையும் தளர்த்தும்.

இதே காலத்தில் நம் நாட்டில் வேறொரு வழியாக ஒரு பயணம் நடந்தது. சர்ப்பகந்தி என்னும் மூலிகை ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் கண்ட பலனை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-இல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு நுனிகளில் இருக்கும் நார்அட்ரினலின் இருப்பை அது காலி செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அதாவது, சங்கையே ஊமையாக்கும் வைத்தியம். பலன் உண்டு; பக்க விளைவும் உண்டு.

சங்கை விட்டுவிட்டுக் காதை அடைத்தால் என்ன என்று யோசித்தவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்காட்லாந்துக்காரர், சுரங்க எஞ்சினீயரின் மகன். 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் விரிவுரையாளராக இருந்தவர். அதுவரை மருத்துவர்கள் குழாயை விரித்து, இதயத்துக்கு ரத்த வரத்தைக் கூட்டவே பார்த்தார்கள். அடைபட்ட குழாயில் எவ்வளவுதான் கூட்ட முடியும்? பிளாக், இதயத்தின் ஆக்சிஜன் செலவைக் குறைப்போம் என்றார். நம்ம சம்சாரியின் கணக்கேதான்! 1958-இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் குழுவின் முதல் மருந்து எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. 1964-இல் வந்த புரோபிரனலால் வென்றது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு.

இனிதான் கதையின் திருப்பம். பலவீனமான இதயத்துக்கு மட்டும் இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றிருந்தார்கள். சங்குச் சத்தத்தை நம்பித்தான் அது ஓடுகிறது, காதை அடைத்தால் நின்றுவிடும் என்பது வாதம். 1975-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் அப்படிப்பட்ட ஏழு பேருக்குத் துணிந்து கொடுத்தார்கள். தேறினார்கள். ஆனாலும் பலர் நம்பவில்லை. 1982-இல் அமெரிக்காவில் மைக்கேல் பிரிஸ்டோ குழு, செயலிழந்த இதயத்தில் பீட்டா ஏற்பிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. நாள் முழுக்கச் சங்கு ஊதினால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்? ஓயாத அவசரமே இதயத்தைத் தேய்க்கிறது என்பது மெல்ல விளங்கியது. 1999-இல் 2647 பேரிடம் நடந்த பிசோபிரலால் ஆய்வில் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. விஷம் என்று ஒதுக்கியதே மருந்தாயிற்று. மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இந்தக் காதின் உருவத்தைத் தேடியவர்கள் ராபர்ட் லெஃப்கோவிட்சும் பிரையன் கோபில்காவும். 2011-இல் அது செய்தியைக் கடத்தும் நிலையிலேயே படமாகச் சிக்கியது. 2012-இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு.

வரலாறு இன்னும் முடியவில்லை. மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் பம்ப் திறன் நன்றாக இருப்பவர்களுக்கு இம்மருந்தால் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2024-இல் சுவீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்துமா இருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். மூச்சுக் குழாயிலும் பீட்டா இருக்கிறதே!

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். காதில் பஞ்சு வைத்தே பழகிய உடம்பு, சின்னச் சத்தத்தையும் பிடிக்க ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். பஞ்சைத் திடீரென்று உருவினால்? அத்தனை காதிலும் சங்கு. நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகும் என்பது 1970-களிலேயே பதிவான உண்மை. "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.