முத்துப்பிள்ளை

காந்தாரியின் வயிற்றில் இரண்டு வருஷம் தங்கியிருந்த கர்ப்பம் சிசுவாகாமல் இறுகிய மாமிச பிண்டமாக விழுந்தது என்றும், வியாஸ மகரிஷி அதை நூற்றொரு கூறாக்கி நெய்க்குடங்களில் இட்டுக் காத்தார் என்றும் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நம் ஜனங்கள். ஆகவே, வயிற்றில் வளர்வதெல்லாம் பிள்ளையாகவே முடியவேண்டும் என்ற நியதி இல்லை என்பதை அவர்கள் எந்த வைத்திய நூலையும் புரட்டாமலே அறிந்திருந்தார்கள். நான் சிறுவனாயிருந்த நாளில், ஏலமலையின் அடிவாரத்துப் பொட்டிபுரத்தில் பிரசவம் பார்த்துவந்த முதிய மருத்துவச்சி ஒருத்தி, நான்காம் மாதத்திலேயே ஏழு மாத வயிறுபோல் உப்பிவிட்ட ஒரு பெண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் காத்து நின்ற மாமியாரிடம், "இது புள்ள இல்ல தாயி, முத்துப்புள்ள" என்று சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அன்றிரவு மண்சட்டியில் துணி போட்டு மூடி எதையோ எடுத்துக்கொண்டு போனார்கள். காற்றில் துணி விலகிய ஒரு கணத்தில் நான் கண்டது, வெந்த ஜவ்வரிசியைப் போல நீர் கோத்த சின்னஞ்சிறு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தொங்கிய ஒரு குலை.

பொட்டிபுரம் என்றால் இக்காலத்தவருக்கு நினைவு வருவது, ஊரை ஒட்டிய மலையைக் குடைந்து நியூட்ரினோ என்னும் துகளைப் பிடிக்க வகுத்த திட்டமும், அதைக் குறித்து ஜனங்கள் கொண்ட அச்சமுமே ஆகும். நான் சொல்லவந்த சரித்திரம் அதனினும் பழையது. இதுபோன்ற மலையடிவாரத்துக் குடிசைகளில் தொடங்கிக் கடல் கடந்து போய்த் திரும்ப இவ்விடமே வந்து சேர்வது.

மேல்நாட்டு வைத்தியர்கள் திராட்சைக் குலை என்று வருணித்ததை நம்மவர் முத்து என்றார்கள். அம்மைக் கொப்புளத்தையும் முத்து என்றே பக்தியோடு சொல்லும் தேசத்தில், அஞ்சத்தக்க ஒன்றுக்கு அழகிய பெயர் அமைந்ததில் ஆச்சரியமில்லை. ஐரோப்பாவிலும் இவ்விதமான கற்பனைக்குக் குறைவில்லை. ஹென்னபெர்க் சீமாட்டி மார்கரெட் 1276-ஆம் ஆண்டில் ஒரே பிரசவத்தில் முந்நூற்றறுபத்தைந்து குழந்தைகளைப் பெற்றாள் என்று ஒரு கதை அங்கே நெடுங்காலம் வழங்கிற்று. பிற்கால வைத்தியர்கள் அதை முத்துக்குலையைக் கண்டு மருண்டவர்களின் கணக்கு என்று ஊகித்தார்கள். கதைகள் எப்படியிருந்தாலும் பழி ஓரிடத்தில்தான் விழுந்தது. முத்துப்பிள்ளை பெற்றவள் முன்ஜன்ம பாபம் செய்தவள் என்றும், வேண்டாத வேளையில் வேண்டாத இடத்துக்குப் போனவள் என்றும் பேசப்பட்டாள்.

இந்தக் கர்ப்பம் மேல்நாடுகளில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று. ஆசிய நாடுகளில் அதனினும் மிகுதி என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டுவருகிறது. பெரும்பாலும் வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் சிலரிடம் அது தீர்வதில்லை. சிசுவுக்கு ஆகாரம் கொண்டு சேர்க்கும் நஞ்சுக்கொடியாகப் பரிணமிக்க வேண்டிய அணுக்கள், சேர்ப்பதற்குச் சிசு இல்லாத நிலையில், தாயின் இரத்தக் குழாய்களைத் துளைத்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்க் குடியேறிவிடும். கோரியோகார்சினோமா என்னும் இந்த அபூர்வப் புற்றுநோய் முத்துப்பிள்ளைக்குப் பிறகுதான் என்றில்லை, கருச்சிதைவுக்கோ சுகப்பிரசவத்துக்கோ பிறகும் வரலாம். இது கர்ப்பத்தின் அணுக்களிலிருந்தே முளைக்கிறது என்பதை ஜெர்மானியரான பெலிக்ஸ் மார்ஷாண்ட் 1895-இல் நிலைநாட்டினார். ஆயினும் காரணம் தெரிந்ததால் உயிர் பிழைத்தவர் இல்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது ஒன்றே உபாயமாக இருந்தது. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டதென்றால், அநேகமாக அந்த ஆண்டுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். 1928-இல் எங்கள் பக்கத்து ஊரான போடிக்கு ரயில் வந்த பிறகு, ஏலக்காய் மூட்டைகள் மதுரைக்குப் போன அதே வண்டியில், இருமலில் இரத்தம் கண்ட இளம் தாய்மாரும் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கக்கூடும். அவர்களில் பலருக்கு நோயின் பெயர் க்ஷயம் என்றே சொல்லப்பட்டிருக்கும்.

இந்நோய்க்கு மருந்து வந்த வழிதான் இந்தச் சரித்திரத்தின் சாரம். அந்த வழி புற்றுநோயைத் தேடிப் போனதன்று. ஏழை ஸ்திரீகளின் சோகையைத் தேடிப் போனது. ரயில் வந்த அதே 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் வெளுத்து வீங்கி மடிவதன் காரணத்தை ஆராயத் தலைப்பட்டார். மறு ஆண்டு குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில், ராபர்ட் மக்காரிஸன் உணவு ஆராய்ச்சி நடத்திய கூடத்தில், எலிகளை வைத்துப் பரீக்ஷை செய்தார். 1931-இல் சென்னையில், ஊரார் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனையில் பணிபுரிந்தார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் பிழிவைக் கொடுத்தால் அந்தப் பெண்களின் இரத்தம் தேறுகிறது என்று அவர் கண்டதும் அந்த வருஷங்களிலேதான். ஈரலிலும் ஈஸ்டிலும் கீரையிலும் உள்ள அந்த இனம் தெரியாத சத்துக்கு வெகுநாள் வில்ஸ் காரணி என்றே பெயர். பின்னாளில் அதுவே ஃபோலிக் அமிலம் எனப்பட்டது.

அந்த அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிக் குவித்த பணிக்குத் தலைமை தாங்கியவரும் நம் பக்கத்து மனிதரே. பீமாவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திப் படித்து, ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்தியால் முழுப் பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளிவந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், ஸ்ப்ரூ என்ற கழிச்சல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்து, தாமும் அதில் விழுந்து, ஆயுர்வேத வைத்தியத்தால் எழுந்தவர். அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமையை ஏற்ற அவருடைய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செய்து முடித்தது. இதற்குள் பாஸ்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைப் பார்த்துவந்த சிட்னி ஃபார்பர், அந்தச் சத்தினால் நோய் உரம் பெறுவதைக் கண்டு, சத்துக்கு விரோதமான வேஷதாரி ஒன்று வேண்டும் என்று கேட்டார். சுப்பாராவின் கூடம் அமினோப்டெரின் என்ற மருந்தை அனுப்பிற்று. அணு அதை ஃபோலிக் அமிலம் என்று நம்பி ஏற்றுப் பட்டினியாகும். 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில், பதினாறு குழந்தைகளில் பத்துக் குழந்தைகள் தற்காலிகமாகவேனும் தேறியிருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து இன்னொரு நோயை வேரோடு பெயர்க்கப் போவதைக் காண அவருக்கு ஆயுள் இல்லை.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ராய் ஹெர்ட்ஸ் என்பவர், கோழிக்குஞ்சின் கருக்குழாய் வளர்வதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது என்று முன்பே கண்டிருந்தார். கர்ப்பத்தின் அணுவிலிருந்து பிறந்த புற்றும் அதே சத்தைக் கேட்கத்தானே வேண்டும்? அவரோடு சேர்ந்த சீனரான மின் சியூ லீ, 1955-இல் நுரையீரல் முழுதும் நோய் பரவியிருந்த ஒரு பெண்ணுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார், நோய் கரைந்தது. 1956-இல் அது அச்சில் வந்தது. திரண்டு பரவிய புற்றுநோய் ஒன்றை மருந்து மாத்திரமே முற்றிலும் தீர்த்த முதல் சம்பவம் அதுதான்.

லீ செய்த மற்றொரு காரியம் அதனினும் நுட்பமானது. கர்ப்பம் தரித்திருப்பதைச் சிறுநீரில் காட்டிக்கொடுக்கும் எச்.சி.ஜி. என்ற சுரப்பை இந்தப் புற்றும் சுரக்கிறது. படத்தில் நுரையீரல் சுத்தமாகி, நோயாளியும் சுகமாக நடமாடத் தொடங்கிய பின்னும், அந்தச் சுரப்பு சிறிதளவு மிஞ்சியிருந்தால் லீ மருந்தை நிறுத்த மறுத்தார். சுகமாயிருப்பவளுக்கு விஷம் கொடுக்கிறார் என்று மேலதிகாரிகள் எண்ணினார்கள். 1957-இல் அவர் அந்த நிலையத்தைவிட்டு விலக நேர்ந்தது. மருந்தைப் பாதியில் நிறுத்தப்பெற்றவர்களுக்கு நோய் திரும்பிற்று. லீ சொன்னபடி கடைசிவரை வாங்கியவர்களுக்குத் திரும்பவில்லை. 1972-இல் ஹெர்ட்ஸும் லீயும் லாஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பழிக்கும் ஒரு தீர்ப்பு கிடைத்தது. 1977-இல் ஜப்பானியரான கஜீயும் ஒஹாமாவும் முழு முத்துப்பிள்ளையின் குரோமோசோம்களை ஆராய்ந்து, அவை அனைத்தும் தகப்பன் வழி வந்தவை, தாயின் முட்டைக் கரு அதில் இல்லவே இல்லை என்று காட்டினார்கள். இதனால் தகப்பன்மேல் பழி என்றும் ஆகாது. கரு கூடும்போது நேர்ந்த ஒரு பிழை அது. இருந்தபோதிலும், எத்தனையோ தலைமுறைகளாக மாமியார் வீட்டுத் திண்ணையில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தவளின் நடத்தைக்கு அதில் பங்கே இல்லை என்பதை நம் கிராமங்களில் இன்னும் உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது.

இன்று எளிதான நிலையிலுள்ள இந்தப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லாருக்குமே குணமாகிறது; முற்றியவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பல மருத்துவமனைகளில் வழங்கும் ஒரு முறைப்படி, முதல் நாள் மெத்தோட்ரெக்சேட் ஊசி. மறுநாள் அதன் கொடுமையிலிருந்து நல்ல அணுக்களை மீட்க ஃபோலினிக் அமிலம். இப்படி மாறிமாறி எட்டு நாள். இத்தனை சுலபமாக மருந்து கிடைத்த பிறகும் ஒரு கஷ்டம் மிச்சமிருக்கிறது. முத்துப்பிள்ளை கழிந்த பெண்களில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கு நோய் மீளக்கூடும் என்பதால், எச்.சி.ஜி. அறவே மறையும்வரை வாரந்தோறும், பின்பு சில மாதங்கள் மாதந்தோறும் பரிசோதிக்கவேண்டும். அதுவரை மறுகர்ப்பமும் கூடாது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, பொழுது சாய்ந்து இறங்குகிறவளுக்கோ, கிடங்கில் நாள்பூராவும் குனிந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறவளுக்கோ, வலியுமில்லாமல் இரத்தப்போக்கும் இல்லாமல் நலமாயிருக்கும்போது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊசிக்குத்து வாங்கப் போவது வீண் காரியமாகத் தோன்றாதா? சுகமாக இருக்கிறாளே என்று லீயின் மேலதிகாரிகள் நினைத்ததையே அவளும் நினைக்கிறாள்.

சென்ற மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒருவர், கர்ப்பிணி ஒருத்தியின் உள்ளங்கையில் சோகைக்கான மாத்திரைகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த அந்த மாத்திரைகளை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற இன்னொருத்தியிடம், "அடுத்த வாரமும் வந்து ரத்தம் குடுத்துட்டுப் போத்தா. ஒண்ணுமில்லேன்னு நீ சொல்லக்கூடாது, ரத்தந்தான் சொல்லணும்" என்றார் நர்ஸம்மா. அவள் மலைக்குப் போகும் ஜீப் நின்ற திசையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.