உத்தியோகமும் எண்ணெயும்

வரலாற்று நூல்கள் அரசரையும் அமைச்சரையும் பற்றி விரிவாகப் பேசுகின்றன. போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டு பிசகாமற் குறித்து வைக்கின்றன. ஆயின், அரச சேவையில் உயர்பதவி வகித்த ஒருவர் அச்சேவையை விட்டு நீங்கியபின் யாரிடம் ஊதியம் பெற்றார் என்னும் வினாவை அவை எழுப்புவது அரிது. அது தனிமனிதரின் சொந்த விஷயமென ஒதுக்கப்படுகின்றது. நாம் அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. ஒரு நாட்டின் நிலத்தடிச் செல்வம் எவ்வாறு பிறர் கைக்குப் போயிற்று என்பதை ஆராயப் புகுவோர்க்கு இவ்வினா பல உண்மைகளைப் புலப்படுத்தும். பாரசீக எண்ணெயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1901 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆந் திகதி பாரசீக மன்னர் முஸாபர் அல்டீன் ஷா, வில்லியம் டார்சி என்னும் ஆங்கிலச் செல்வருக்கு ஓர் உரிமைப் பத்திரம் வழங்கினார். ஏறத்தாழ 480,000 சதுர மைல் நிலப்பரப்பில் எண்ணெய் தேடி எடுக்கும் தனியுரிமை அறுபது ஆண்டுக் காலத்துக்கு டார்சிக்கு உரியதாயிற்று. ஈடாக மன்னருக்குக் கிடைத்தது 20,000 பவுண் பணம். அதே பெறுமதியுள்ள பங்குகள். நிகர இலாபத்தில் நூற்றுக்கு 16 வீதம் என்ற வாக்குறுதி. நாட்டின் மக்களை எவரும் கேட்கவில்லை. கேட்பதற்குரிய பாராளுமன்றமும் அன்று அங்கிருக்கவில்லை.

ஏழாண்டுகள் கழிந்து, 1908 மே 26 ஆந் திகதி, மஸ்ஜித் சுலைமான் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது. அவ்வேளை அங்கு காவல் நின்றவர்கள் இந்திய இராணுவத்தைச் சேர்ந்த சிப்பாய்கள். இந்திய விவசாயியின் வரிப்பணத்தாற் பேணப்பட்ட அப்படையினர் பாரசீக மண்ணில் ஓர் ஆங்கிலக் கம்பனியின் துளைகருவிகளைக் காத்து நின்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஆர்னல்ட் வில்சன் என்னும் இளம் லெப்டினன்ட். எண்ணெய் கிடைத்த செய்தியை அரசாங்கத்துக்கு அனுப்பியோரில் அவரும் ஒருவர். மறு ஆண்டு, 1909 ஏப்ரலில், ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனி நிறுவப்பட்டது. சுத்திகரிப்பு ஆலைக்கு அபதான் தீவிலே நிலம் வேண்டியிருந்தது. அந்நிலத்தை மொகம்மராவின் ஷேக்கிடம் பேசிப் பெற்றுக் கொடுத்தவர் கம்பனியின் முகவர் அல்லர். வளைகுடாவில் பிரித்தானிய அரசின் பிரதிநிதியாயிருந்த பேர்சி கொக்ஸ் ஆவர்.

இங்கு ஒன்றை மனங்கொள்ள வேண்டும். அரசு முன்னே சென்று, கம்பனி பின்னே வந்தது என்றோ, கம்பனி முன்னே சென்று அரசு பின்னே வந்தது என்றோ கூறுதல் பொருந்தாது. இரண்டும் கைகோத்தே சென்றன. எனவே, பிற்காலத்தில் அரச உத்தியோகத்தர் கம்பனிக்குப் போனபோது அவர்கள் புதியதோர் இடத்துக்குப் போகவில்லை. பழகிய வீட்டின் மற்றோர் அறைக்கே போயினர்.

வில்சனின் வாழ்க்கையே இதற்கு உதாரணம். முதல் உலகப்போரின்போது பிரித்தானியப் படைகள் மெசொப்பொத்தேமியாவைக் கைப்பற்றின. 1918 முதல் 1920 வரை அந்நாட்டின் பதிற் சிவில் ஆணையாளராக நிருவாகத்தை நடத்தியவர் வில்சனே. 1920 இல் ஈராக்கிய மக்கள் அந்நிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி குண்டுகளாலும் துப்பாக்கிகளாலும் அடக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே வில்சன் பதவியை விட்டு நீங்கினார். 1921 இல், பாரசீக வளைகுடாப் பகுதியில் எண்ணெய்க் கம்பனியின் அலுவல்களைக் கவனிக்கும் முகாமையாளரானார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கியோடு காத்த சொத்தை இப்போது பேனாவோடு காத்தார்.

அக்காலத்தில் அபதான் ஆலையிலும் எண்ணெய் வயல்களிலும் பாரசீகத் தொழிலாளரோடு இந்தியத் தொழிலாளரும் பெருந்தொகையினராக வேலை செய்தனர். 1922 இல் இந்தியத் தொழிலாளர் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களிற் பலர் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். 1929 இல் பாரசீகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். ஒரு நாட்டை ஆளக் கற்றவரிடமிருந்து கம்பனி எதிர்பார்த்தது எண்ணெய் பற்றிய அறிவையன்று. மனிதரை அடக்கியாளும் பயிற்சியையே அது விலைகொடுத்து வாங்கியது.

வில்சனிலும் முக்கியமானவர் ஜோன் கட்மன். அவர் சுரங்கவியல் கற்றவர். திரினிடாட்டில் அரசாங்கச் சுரங்கப் பரிசோதகராகக் கடமையாற்றியவர். பின்பு பேமிங்ஹம் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானவர். 1913 இல் பிரித்தானியக் கடற்படையின் கப்பல்களுக்குக் கரிக்குப் பதிலாக எண்ணெயைப் பயன்படுத்தும் திட்டம் முனைப்படைந்தது. பாரசீக எண்ணெய் வயல்களைப் பார்வையிட்டு அறிக்கை தருமாறு அட்மிரல் எட்மன்ட் சிலேட்டின் தலைமையில் ஒரு குழு அனுப்பப்பட்டது. கட்மன் அதன் உறுப்பினர். குழு கம்பனிக்குச் சாதகமாக அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில், 1914 இல் பிரித்தானிய அரசாங்கம் 22 இலட்சம் பவுண் முதலிட்டுக் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிற்று. கம்பனியின் இயக்குநர் சபைக்கு அரசாங்கம் நியமித்த இருவருள் ஒருவர் யார்? அறிக்கை தந்த குழுவின் தலைவரான சிலேட்டே.

கட்மனோ போர்க்காலத்தில் அரசின் பெற்றோலிய நிருவாகத் திணைக்களத்துக்கு 1917 இற் பணிப்பாளரானார். எந்த நாட்டில் எவ்வளவு எண்ணெய் உண்டு, எந்த அரசு என்ன எண்ணுகின்றது என்பன போன்ற இரகசியங்கள் அனைத்தும் அவர் மேசைக்கு வந்தன. 1920 இல் சான் ரெமோ மாநாட்டின்போது மெசொப்பொத்தேமிய எண்ணெயைப் பிரித்தானியாவும் பிரான்சும் பங்கிட்டுக் கொண்ட ஒப்பந்தத்தில் பிரித்தானியாவின் சார்பிற் கையொப்பமிட்டவர் அவரே. மறு ஆண்டு, 1921 இல், அவர் ஆங்கிலோ-பாரசீகக் கம்பனியின் தொழில்நுட்ப ஆலோசகரானார். 1923 இல் இயக்குநர். 1927 இல் தலைவர்.

கட்மன் இலஞ்சம் வாங்கினார் என்று நாம் கூறவில்லை. அவர் திறமைசாலி, கடும் உழைப்பாளி என்பதில் ஐயமில்லை. தனிமனிதரின் ஒழுக்கக் கேட்டைத் தேடுவது நமது நோக்கமுமன்று. அவ்வாறு தேடுவோர் ஒரு கெட்டவரைக் கண்டுபிடித்துத் தண்டித்ததும் திருப்தியடைந்து விடுவர். முறைமை அப்படியே இருக்கும். நாம் கேட்பது வேறு. பொதுப்பணத்தில் ஈட்டிய அறிவும், அரச அதிகாரத்தாற் பெற்ற தொடர்புகளும் யாருடைய சொத்து? அவை உத்தியோகத்தரின் சட்டைப்பையிலிருக்கும் சொந்தப் பொருளாயின், அவர் அவற்றை விரும்பிய இடத்தில் விற்கலாம். அவை மக்களுடைய பொருளாயின், கம்பனி விலைக்கு வாங்கியது மக்களின் சொத்தையே.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். கம்பனியில் அரசாங்கத்துக்கே பெரும்பான்மைப் பங்கு இருந்ததாதலின், அரச உத்தியோகத்தர் அங்கு சென்றதைத் தனியார் துறைக்குச் சென்றதாகக் கொள்ளலாமா என்பதே அது. மறுப்பு கவனிக்கத்தக்கது. ஆயினும், 1914 இல் பங்குகளை வாங்கியபோதே, வெளிநாட்டுக் கொள்கை, பாதுகாப்பு முதலிய பொது விடயங்களிலன்றி நாளாந்த வணிக அலுவல்களில் தலையிடுவதில்லை என அரசாங்கம் கம்பனிக்கு உறுதியளித்திருந்தது. இலாபத்தைப் பொறுத்தவரை அது தனியார் கம்பனி. துப்பாக்கியைப் பொறுத்தவரை அது அரசு. வேண்டியபோது வேண்டிய முகத்தைக் காட்டும் வசதி அதற்கிருந்தது. பாரசீகர் கணக்குக் கேட்டால் அது வணிகக் கம்பனி. உரிமைப் பத்திரத்தை இரத்துச் செய்தால் பிரித்தானியப் பேரரசு.

1932 நவம்பரில் ரெஸா ஷா டார்சியின் உரிமைப் பத்திரத்தை இரத்துச் செய்தபோது நிகழ்ந்தது இதுவே. பிரித்தானிய அரசு உடனே சர்வதேச சங்கத்தில் வழக்கை எழுப்பிற்று. 1933 ஏப்ரலிற் கட்மன் தெகரானுக்கு நேரிற் சென்று ஷாவுடன் பேசினார். முடிவில் ஏற்பட்ட புதிய ஒப்பந்தத்தில் நிலப்பரப்பு 100,000 சதுர மைலாகக் குறைந்தது; தொன்னுக்கு நான்கு சிலிங் என உரிமைப் பணம் நிர்ணயிக்கப்பட்டது. இவை பாரசீகத்துக்கு இலாபம்போலத் தோன்றும். ஆனால் பழைய பத்திரத்தின்படி 1961 இல் உரிமை முடிந்து, கம்பனியின் கட்டடங்களும் கருவிகளும் ஈடின்றி நாட்டுக்குச் சேர்ந்திருக்கும். புதிய ஒப்பந்தமோ உரிமையை 1993 வரை நீடித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! சான் ரெமோவில் அரசுக்காகப் பேரம் பேசிப் பழகியவர் இப்போது பங்குதாரருக்காகப் பேரம் பேசினார். பலன், 1945 முதல் 1950 வரையான காலத்தில் கம்பனி ஏறத்தாழ 25 கோடி பவுண் இலாபமீட்ட, ஈரானுக்குக் கிடைத்த உரிமைப் பணம் ஏறத்தாழ 9 கோடி பவுணாக நின்றது.

அமைச்சர்களும் இதற்கு விலக்கல்லர். 1914 ஜூனில், கம்பனிப் பங்குகளை வாங்க வேண்டுமெனப் பாராளுமன்றத்தில் வாதாடியவர் கடற்படை அமைச்சர் வின்ஸ்ரன் சேர்ச்சில். ஷெல் கம்பனியின் ஏகபோகத்திலிருந்து நாட்டைக் காப்பதே நோக்கமென்று அவர் அன்று முழங்கினார். 1922 தேர்தலில் தோல்வியுற்றுப் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்த அவர், 1923 இல் அதே ஷெல்லிடமும் பேர்மா எண்ணெய்க் கம்பனியிடமும் 5,000 பவுண் பெற்றுக்கொண்டு, அரசாங்கம் அப்பங்குகளை விற்றுவிட வேண்டுமெனப் பிரதமரிடம் எடுத்துரைத்தார். முயற்சி பலிக்கவில்லை. ஆனால் நேற்று மக்கள் பெயரால் வாங்கியதை இன்று கம்பனியின் பெயரால் விற்கச் சொல்வதில் அவர் எவ்வித முரணையுங் காணவில்லை என்பது அவ்வர்க்கத்தின் சிந்தனையை நன்கு காட்டுகின்றது.

1951 மார்ச்சில் ஈரானியப் பாராளுமன்றம் எண்ணெயைத் தேசியமயமாக்கிற்று. அடுத்த மாதம் மொசாடெக் பிரதமரானார். 1953 ஓகஸ்ட் 19 ஆந் திகதி, அமெரிக்க, பிரித்தானிய உளவுத் தாபனங்களின் ஏற்பாட்டில் அவரது அரசாங்கம் கவிழ்க்கப்பட்டது. தெகரானில் இருந்து அச்சதியை நடத்தியவர் அமெரிக்க உளவுத் தாபனத்தின் அதிகாரியான கேர்மிற் ரூஸ்வெல்ற். 1954 இல் ஈரானிய எண்ணெய் ஒரு கூட்டுக் குழுவிடம் கையளிக்கப்பட்டது. பழைய கம்பனிக்கு நூற்றுக்கு 40 வீதம், ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பனிக்கு 6, ஐந்து அமெரிக்கக் கம்பனிகளுக்குத் தலைக்கு 8 வீதம். அவ்வைந்தில் ஒன்று கல்வ் எண்ணெய்க் கம்பனி. 1958 இல் உளவுச் சேவையை விட்டு விலகிய ரூஸ்வெல்ற் எந்தக் கம்பனியிற் சேர்ந்தார்? அதே கல்வ் எண்ணெய்க் கம்பனியில். பின்னர் அதன் உபதலைவர்களில் ஒருவராகவும் ஆனார்.

இவை பழங்கதைகள் என்று எவரேனும் கூறலாம். ஆங்கிலோ-பாரசீகக் கம்பனி 1935 இல் ஆங்கிலோ-ஈரானியக் கம்பனியாகவும், 1954 இல் பிரித்தானியப் பெற்றோலியக் கம்பனியாகவும் பெயர் மாறிற்று. பிரித்தானியாவில் பதவி விட்டோரின் புதிய தொழில்கள் பற்றி ஆலோசனை கூற 1975 இல் ஒரு குழு அமைக்கப்பட்டது; அதற்கு ஆலோசனை கூறும் உரிமையிருந்ததேயன்றித் தடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. 2014 இறுதி வரை பிரித்தானிய வெளிநாட்டு உளவுச் சேவையின் தலைவராயிருந்த ஜோன் சோயர்ஸ், 2015 இல் அதே எண்ணெய்க் கம்பனியின் இயக்குநர் சபையில் அமர்ந்தார். வில்சன் நடந்த பாதையிற் புல் முளைக்கவில்லை.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1961 இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறிற்று. 1962 இல் ஷெல், கல்டெக்ஸ், எசோ ஆகிய கம்பனிகளின் விற்பனை நிலையங்கள் பல அரசுடைமையாயின. அமைச்சர் இலங்கரத்தினாவின் முயற்சியால் சோவியத் நாட்டிலிருந்து மலிவான எண்ணெய் வந்தது. ஷெல்லும், மற்றிரண்டு கம்பனிகளின் அமெரிக்க உரிமையாளரும் ஈரானியக் கூட்டுக் குழுவிற் பங்கு பெற்றிருந்தவர்களே. நட்டஈடு பற்றிய தகராற்றைக் காரணங்காட்டி 1963 பெப்ரவரியில் அமெரிக்கா நமக்களித்த உதவியை நிறுத்திற்று. கம்பனிகளின் கணக்கை அரசு தன் கணக்காக எடுத்துப் பேசும் வழக்கத்தை அன்று நாமும் நேரிற் கண்டோம்.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? சொத்தை அரசுடைமையாக்குதல் அவசியம்; அது மட்டும் போதாது. பிரித்தானியாவில் 1914 இல் நடந்ததும் பெயரளவில் அரசுடைமையே. அப்பங்குகளால் அந்நாட்டின் சுரங்கத் தொழிலாளிக்கோ, அபதானின் ஆலைத் தொழிலாளிக்கோ யாதொரு குரலும் கிடைக்கவில்லை. அரச சேவையிற் பெற்ற அறிவு மக்களுக்குரியது என்பதைச் சட்டமும் மக்களின் விழிப்பும் சேர்ந்தே நிலைநாட்ட முடியும். ஒப்பந்தங்கள் வெளியிடப்படல் வேண்டும். அவற்றைப் பேசி முடித்தவர் பின்னர் யாரிடம் ஊதியம் பெறுகின்றார் என்பதும் பொதுமக்கள் அறியத்தக்கதாயிருத்தல் வேண்டும்.

நாம் கற்பிக்கும் மாணவரிற் சிலர் நாளை நிருவாக சேவைக்குப் போவர். இலவசக் கல்வியால் உருவாகி, மக்கள் பணத்தில் உயர்ந்து, கனிப்பொருள், கடல்வளம், எரிபொருள் பற்றிய கோப்புகளைக் கையாளுவர். கட்மனைப் போன்ற திறமை அவர்களுக்கு வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அத்திறமை யாருக்குக் கடன்பட்டது என்பதை அவர்கள் பாடசாலையிலேயே உணர்ந்துகொள்ளச் செய்வது ஆசிரியரான நமது கடமை. வரலாற்றுப் பாடத்தில் உடன்படிக்கையின் ஆண்டை மட்டும் மனனஞ் செய்விக்காமல், கையொப்பமிட்டவர் அடுத்த ஆண்டு எங்கே போனார் என்றும் கேட்கப் பழக்குவோம்.