21 இலக்க எண் ஒன்றின் வரலாறு

67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் 14,75,73,95,25,89,67,64,12,927 என்னும் 21 இலக்க எண் கிடைக்கும். பாரிசில் வாழ்ந்த மெர்சென் என்னும் கிறித்தவத் துறவி, 1644இல் வெளியிட்ட நூலில் இதைப் பகா எண்களின் வரிசையில், அதாவது ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்களின் வரிசையில், சேர்த்தார். 257 வரையிலான அடுக்குகளுக்கு இவ்வாறு 11 எண்களை அவர் குறித்தாரே தவிர, அவற்றைக் கண்ட வழியைச் சொல்லவில்லை. 15, 20 இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்தானா என்று சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று கருதியவரும் அவரே. ஆதலால் பட்டியலின் பிற்பகுதியைத் துணிச்சலான ஊகம் என்று கொள்வதே பொருந்தும்.

அவ்வூகம் 67ஆம் அடுக்கில் பிழைத்துப்போனது என்பதை 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா நிறுவினார். அவருடைய முறையை கணித அறிஞர் லேமர் பிற்காலத்தில் எளிமையாக்கிய வடிவில் சொல்வதானால், 4இல் தொடங்கி, எண்ணை வர்க்கமாக்கி 2ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே செல்லவேண்டும். ஐந்தாம் அடுக்குக்குரிய 31ஐச் சோதித்தால் 4, 14, 8, 0 என மூன்றாம் படியில் சுழி வருகிறது. ஆகவே 31 பகா எண். 67ஆம் அடுக்குக்கு 65 படிகள் ஏறியும் அந்தச் சுழி வருவதில்லை. இங்கே வியப்புக்குரியது, எண் வகுபடும் என்பது உறுதியான பின்னும், எதனால் வகுபடும் என்பது எவருக்கும் தெரியவில்லை என்பதுதான். அந்த நிலை 27 ஆண்டுகள் நீடித்தது.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கத்தில், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோல் அந்த எண்ணின் காரணிகளை, அதாவது அதை மீதியின்றி வகுக்கும் எண்களை, முன்வைத்தார். இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், 134இன் மடங்கு ஒன்றைவிட ஒன்று கூடியதாகவே இருக்கும் என்னும் விதி தேடலைச் சுருக்கியபோதிலும், சிறிய காரணியான 19,37,07,721, அம்மடங்குகளில் 14,45,580ஆவது இடத்தில் ஒளிந்திருந்தது. ஆகையால் இருபடி எச்சங்கள் எனப்படும் வர்க்க மீதிகளின் துணையுடன் கோல் வழியை மேலும் குறுக்கவேண்டியிருந்தது. அவர் வாய் திறவாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், காரணிகளைக் கண்டறிய மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்றும் கணித வரலாற்று நூலாசிரியர் ஈ. டி. பெல் எழுதியது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு. கதைக்கு மெருகேற்றும் பழக்கம் அவருக்கு உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

லூக்காவின் முடிவை ஏற்க அவருடைய தேற்றத்தைக் கற்றிருக்கவேண்டும். கோலின் முடிவுக்குப் பள்ளிப் பெருக்கலே போதும். மற்றொரு காரணி 7,61,83,82,57,287. கடைசி ஈரிலக்கங்களான 21ஐயும் 87ஐயும் பெருக்கினால் 1,827 வருகிறது. மெர்சென்னின் எண்ணும் 27இல்தான் முடிகிறது. எஞ்சிய இலக்கங்களை ஐயமுள்ளவர் தாளில் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.