கூட நிக்க ஒரு ஆள்

'மாணவர் மனநலம்' என்கிற பேச்சு இப்போது எல்லா இடத்திலும் அடிபடுகிறது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மனநலமும் வாழும் உரிமையின் பகுதிதான். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கிற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஆலோசகர் ஒருவரை வைக்க வேண்டும். மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாக்கி வழிகாட்டிகளை அமர்த்த வேண்டும். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் இதை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த வைத்தியம் போலப் பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. படிக்க வந்த பிள்ளைக்கு மூத்தவர் ஒருவர் துணை நிற்பது நம் மக்களிடம் நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம். அந்த வரலாறு சொல்கிற ஒரு விஷயம் இன்றைய திட்டங்களில் விடுபட்டுப் போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்லும் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். சுமார் 400 பிள்ளைகள் படித்த இடம். பத்துப் பேர் போக மற்றவர்கள் அத்தனை பேரும் பிராமணர்கள். சிநேகம் பிடித்தால் சாதி என்ன, வீடு எங்கே என்று கேட்பார்கள் என்று பயந்து, மணி அடிக்கிறவரை வெளியே எங்காவது தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறார். வகுப்பு விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வேகவேகமாக வீடு வந்து சேர்ந்திருக்கிறார். கூடி விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்கியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஒரு தலித் மாணவனின் மனநலம் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கிற பழைய சாட்சியங்களில் இது ஒன்று. அந்தப் பையனுக்கு என்ன நோய்? ஒரு நோயும் இல்லை. அவன் பயம் நியாயமான பயம். நோய் பள்ளிக்கூடத்தில் இருந்தது. சாதி தெரிந்துவிடுமோ என்று ஓடி ஒளிந்த அதே பையன்தான் வளர்ந்து 1893-இல் 'பறையன்' என்று பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். சபை கூட்டினார், ஆட்களைச் சேர்த்தார். தனியாக உட்கார்ந்திருந்தவர் கூட்டத்தோடு நின்றபோது பயம் விட்டுப்போனது.

அம்பேத்கர் கதையும் நமக்குத் தெரிந்ததுதான். சதாராவில் வகுப்பறையில் தனிச் சாக்கில் உட்கார்ந்தவர். தாகம் எடுத்தால் பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பம்பாய்க்கு வந்த பிறகு சர்னி ரோடு தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து படிப்பார். அங்கே வந்து பேச்சுக் கொடுத்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்கிற ஆசிரியர். அவர் தீண்டப்படாதவர் இல்லை. படிக்கப் புத்தகம் கொடுத்தார். பையன் தேர்வில் தேறியதற்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகத் தந்தார். மேலே படிக்கக் காசில்லை என்றபோது பரோடா மகாராஜாவிடம் கூட்டிக்கொண்டு போய் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வாங்கித் தந்தார். 'மனசைத் தளர விடாதே தம்பி' என்று முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும்? அவர் கூடவே நடந்து போனார். அந்தப் புத்தகம் எவ்வளவு தூரம் போனது என்பதை 1956 நாக்பூர் காட்டியது.

தான் பெற்றதை அம்பேத்கர் அமைப்பாக்கினார். 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். அடுத்த வருஷ ஆரம்பத்திலேயே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. பம்பாயில் சபா ஒரு வாசகசாலையும் இளைஞர்களுக்கு ஹாக்கிக் குழுவும் நடத்தியது. சோறு, புத்தகம், கூடி விளையாட ஆள், இந்த மூன்றும்தான். கோயம்புத்தூர்ப் பையனுக்கு இல்லாமல் போனதும் இவைதானே.

நம் பக்கம் சுவாமி சகஜானந்தா 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தன் தீயில் இறங்கிய கதையைச் சொல்லிக் கும்பிட்ட ஊர் அது. அதே ஊரில் நந்தன் பெயரிலேயே பள்ளியும் விடுதியும் எழுப்பி, சேரிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். சட்டமன்றத்திலும் போய் நம் பிள்ளைகளுக்காகப் பேசினார். துறவிதான், ஆனால் பிள்ளைகளுக்கு தியானம் மட்டும் சொல்லிக்கொடுத்து உட்கார்ந்துவிடவில்லை.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது எத்தனையோ பேர் அதில் வரும் அண்ணனைத் தங்கள் அண்ணனாக நினைத்துக்கொண்டார்கள். தெருவில் கண்ட தீண்டாமையைத் தங்கச்சி புரியாமல் வந்து சொல்லும்போது, அது என்ன என்று விளக்கி, நீ நல்லாப் படிக்கணும் என்று சொல்கிறவர். எனக்கு அப்படி அண்ணன் இல்லை. விடுதியில் ஒரு அக்கா இருந்தார்.

அரசு ஆதிதிராவிடர் மாணவியர் விடுதி. 2000-க்குப் பிந்தைய சில வருஷங்கள். நான் ஒன்பதாவது, அக்கா பிளஸ் டூ. பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைப் பட்டியல் வந்தால் ஒருவர் வகுப்புக்குள்ளேயே வந்து "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிங்க" என்பார். எழுந்து நிற்போம். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே! நான் பள்ளிக்குப் போகாமல் வயித்துவலி என்று படுக்க ஆரம்பித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. வார்டன் 'நடிக்கிறா' என்றார்.

அக்காதான் தகரப் பெட்டி மேல் வந்து உட்கார்ந்தார். "ஏண்டி, வயித்துவலியா மனசு வலியா?" அழுதேன். அழுது முடிக்கிறவரை ஒண்ணும் பேசவில்லை. அப்புறம், "நாளைக்கு நானும் வரேன். தலைமை ஆசிரியையப் பாத்துப் பேசுவோம்" என்றார். விடுதியில் இன்னும் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டார். ஆறு பேர் போய் நின்றோம். "பணம் எங்களுக்குத்தான, அதுக்கு ஏன் டீச்சர் கிளாஸ்ல நிக்க வைக்கிறீங்க? ஆபீசுக்குக் கூப்புட்டு அனுப்புங்க." தலைமை ஆசிரியை முறைத்தார், திட்டினார். ஆனால் அடுத்த முறை பெயர் ஆபீசில்தான் வாசிக்கப்பட்டது. என் வயித்துவலி போன இடம் தெரியவில்லை.

அக்கா மனநலப் படிப்பு எதுவும் படித்தவர் இல்லை. ஆனால் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, காது கொடுத்தார். இரண்டு, கூட வந்து நின்றார். இன்றைய 'வழிகாட்டுதல்' திட்டங்கள் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன. மூச்சுப்பயிற்சி செய், நேரத்தைத் திட்டமிடு, நேர்மறையாக நினை என்கிறார்கள். எந்திரிச்சு நிக்கச் சொன்ன ஆளை யார் கேட்பது?

ஆராய்ச்சிப் படிப்பில் நெறியாளரைத்தான் 'வழிகாட்டி' என்கிறோம். சேலம் மாவட்டத்தில் பன்றி வளர்த்துப் பிழைத்த குடும்பத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போன செந்தில்குமாருக்கு அந்த வழிகாட்டியையே ஒதுக்கவில்லை. 2008 பிப்ரவரியில் அவர் இறந்தார். 2016 ஜனவரி 17 அன்று அதே வளாகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2017 மார்ச்சில் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன் டில்லியில் இறந்தார். ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர் அவர். இவர்கள் மனம் பலவீனமானது என்று சொல்கிறவர்களுக்கு நம் பதில் ஒன்றுதான்: சேரியிலிருந்து அவ்வளவு தூரம் போக எவ்வளவு பலம் வேண்டும் என்பதை நீங்கள் அறிய மாட்டீர்கள்.

வெறுமனே காது கொடுத்தால் போதாது என்பதற்கு நாங்குநேரி சாட்சி. 2023 ஆகஸ்டில் அந்தப் பிளஸ் டூ மாணவன் தன்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னான். விசாரித்தார்கள். ஆனால் பாதுகாப்புத் தரவில்லை. இரவில் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். 'மனம் விட்டுப் பேசு' என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள், பேசிய பிறகு என்ன ஆகும் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்த அலுவலருக்குத் தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்கிற அதிகாரம் உண்டா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

2025 ஜூலையில் தமிழக அரசு நம் விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியது. பெயர் இருக்கட்டும். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை சாப்பிடாமல் படுத்திருந்தால் கேட்க அங்கே ஆள் இருக்கிறாரா? ஆலோசகரை அரசு வைக்கட்டும், அதற்காகப் போராடுவோம். அந்த வேலைக்கு வருகிறவர்களில் நம் ஆட்களும் இருக்க வேண்டும் என்று கேட்போம். ஆனால் அந்த அக்காவை எந்த அரசாணையும் அனுப்பி வைக்காது. விடுதிச் சோறு சாப்பிட்டுப் படித்து இன்று அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் உட்கார்ந்திருக்கிற நாம்தான் போக வேண்டும். நீங்கள் படித்த விடுதிக்கு நீங்கள் கடைசியாகப் போனது எப்போது? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சொல்வதைக் கேளுங்கள். மறுநாள் திங்கட்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளையோடு பள்ளிக்கூடத்துக்கும் போங்கள்.