மரம் நட்டவர் மாளிகை

வேல்ஸ் நாட்டில் இஸ்ட்வித் என்றொரு நதி. அதன் பள்ளத்தாக்கிலுள்ள ஹாவட் என்னும் பழைய எஸ்டேட்டைப் பார்க்கப் போயிருந்தேன். போன நாளன்று சாரல் மழை. வாசலிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிங்கார வனம் என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் போனவன் கண்ணில் முதலில் பட்டவை, வெட்டி அடுக்கிய மரங்களும் லாரிச் சக்கரம் உழுத சேறுந்தான். அரசாங்கக் காட்டுக்குள்ளே இருக்கிறது அந்தத் தோட்டம். 'அழகின் மேல் கோடரி' என்று கட்டுரைக்குத் தலைப்புக்கூட மனத்தில் உதித்துவிட்டது!

1780-களில் தாமஸ் ஜான்ஸ் என்ற சீமான் இங்கே குடியேறினார். மாளிகை கட்டினார், மலைச் சரிவெங்கும் நடைபாதை வகுத்தார். அந்தப் பாதைகளின் தந்திரமே தனி. ஓரிடத்தில் பாறையைக் குடைந்த இருட்டு வழிக்குள் தட்டுத் தடுமாறிப் போகிறோம். இரைச்சல்தான் கேட்கிறது. சட்டென்று முகத்துக்கு நேரே அருவி! தொடர்கதை எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய வித்தை.

மரங்களோ, முப்பது லட்சத்துக்கும் மேல் நட்டார் என்கிறார்கள். முக்கியமாக லார்ச் என்னும் ஊசியிலை மரம். அதற்காக லண்டன் கலைச் சங்கம் அவருக்கு ஐந்து தங்கப் பதக்கங்கள் அளித்தது. அழகு பார்க்க மட்டுமா லார்ச் நடுவார்கள்? வெட்டி விற்கவுந்தான். நான் யோசித்து வைத்திருந்த தலைப்பு அங்கேயே செத்துப்போயிற்று.

1807-இல் மாளிகை தீப்பற்றியது. அரிய கையெழுத்துச் சுவடிகளோடு நூலகம் சாம்பலாயிற்று. மனிதர் அசரவில்லை, மறுபடி கட்டினார். ஆனால், பிழைத்திருந்த ஒரே குழந்தை மரியாம்னி. முதுகெலும்பு வளைந்த நோயாளிப் பெண், செடிகொடிகளில் உயிர். அவளுக்கென்று குன்றின் மேல் தனித் தோட்டமே போட்டிருந்தார் தந்தை. 1811-இல் அவள் இறந்தாள். அதற்குமேல் யாருக்காகக் கட்டுவது? 1816-இல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

மகள் நினைவாகச் சான்ட்ரி என்ற சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்வித்திருந்தார். அதைத் தாங்கிய மாதா கோயிலும் 1932-இல் எரிந்தது. சிதைந்த கல்லைத்தான் இன்று பார்க்க முடிகிறது. நெருப்புக்கு அந்தக் குடும்பத்தின்மேல் என்ன பகையோ! பாழடைந்த மாளிகையை 1958-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

திரும்பி வரும்போது மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது. பாதையோரம் ஒதுங்கி நின்றேன். அது கடந்துபோன பிறகும் வெகுநேரம் பிசின் மணத்துக்கொண்டிருந்தது.