ஒன்பது பக்கங்களின் பூர்வீகம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளியின் மார்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டுகிறார்கள். அதில் பதினாறு மின்முனைகள். ஒரு ஜோடி வழியே நோயாளிக்கு உறைக்காத அளவு மின்சாரம் செல்லும். மற்ற ஜோடிகளில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். பிறகு அடுத்த ஜோடி. காற்று நிறைந்த நுரையீரல் மின்சாரத்தைத் தடுக்கும், இரத்தம் கடத்தும். அந்த அளவுகள் மூச்சுக்கு மூச்சு மாறுவதை வைத்து, நுரையீரலின் எந்தப் பகுதிக்குக் காற்று போகிறது, எது சுருங்கிக் கிடக்கிறது என்பதைத் திரையில் பார்த்துவிடலாம். கதிர்வீச்சே இல்லை.

இதை முதலில் நினைத்தவர் யார்? மேற்கோள் பட்டியல்களைப் பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன்.

மருத்துவத் தடம் சீக்கிரமே முடிந்துவிட்டது. 1983இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டேவிட் பார்பரும் பிரையன் பிரவுனும் மனித முன்கையின் குறுக்குவெட்டுப் படத்தை வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு முன், 1978இல், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹெண்டர்சனும் வெப்ஸ்டரும் மார்புக்கான ‘மின்மறிப்புக் கேமரா’வை விவரித்திருக்கிறார்கள்.

கணிதத் தடம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. இத்துறையின் கணிதக் கட்டுரைகள் எதை எடுத்தாலும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டன: 1980, ரியோ டி ஜெனிரோ கருத்தரங்கத் தொகுப்பு, பக்கம் 65 முதல் 73 வரை. எழுதியவர் சிகாகோப் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஆல்பெர்தோ கால்டெரோன். பிரேசில் கணிதச் சங்கம் வெளியிட்ட அந்தத் தொகுப்பு எளிதில் கைக்கு வராது. 2006இல் ஓர் ஆய்விதழ் அந்தக் கட்டுரையை மறுபதிப்புச் செய்ததால் தப்பித்தோம்.

அந்த ஒன்பது பக்கங்களில் நான் தேடியது மார்பையும் நுரையீரலையும். இரண்டும் இல்லை. ஒரு பொருளின் மேற்பரப்பில் மட்டும் மின்சாரத்தை அளந்து, அதைத் துளைக்காமலே, உள்ளே எங்கெங்கே எவ்வளவு மின்கடத்துதிறன் இருக்கிறது என்று தீர்மானிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்: நிலத்தடியை மின்சாரத்தால் ஆராயும் வேலையிலிருந்து.

சிகாகோவின் தூய கணிதக்காரருக்கு நிலத்தடியில் என்ன வேலை? அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளைப் புரட்டியபோது விடை கிடைத்தது. 1947இல் புவனோஸ் ஐரெஸில் சிவில் இன்ஜினியரிங் முடித்த கால்டெரோன், அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனமான ஒய்.பி.எஃப்.பில் வேலை பார்த்திருக்கிறார். கேள்வி அங்கேயே மனதில் விழுந்துவிட்டது. 1948இல் புவனோஸ் ஐரெஸுக்கு வந்த சிகாகோக் கணிதவியலாளர் அந்தோனி சிக்மண்ட் அவருடைய திறமையைக் கண்டு சிகாகோவுக்கு வரவழைத்துக்கொண்டார். கேள்வி மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சேறவில்லை. பின்னாளில் மாட்ரிட்டில் கௌரவ டாக்டர் பட்டம் பெற்றபோது, எண்ணெய் நிறுவன வேலை தனக்குப் பிடித்தே இருந்தது, சரியாக நடத்தியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன் என்று அவர் பேசியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுத்த தாளைப் புரட்ட மனம் வரவில்லை.

எண்ணெய்த் தடம் இன்னும் பின்னே போகிறது. பாரிஸ் சுரங்கக் கல்லூரிப் பேராசிரியர் கொன்ராத் ஷ்லம்பெர்ஜே, நிலத்தடியை மின்சாரத்தால் ஆராயும் வழி தேடி, குளியல் தொட்டியில் மண்ணை நிரப்பி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தவர். 1912இல் நார்மண்டியில் தம் குடும்பப் பண்ணையில் சம மின்னழுத்தக் கோடுகளை வரைந்தார். நம் ஊரில் போர்வெல் போடுமுன் நான்கு கம்பிகளை மண்ணில் அடித்து நீரோட்டம் பார்க்கிறார்களே, அந்த ரெசிஸ்டிவிட்டி சர்வேயும் இதே வம்சம்தான். ஆகவே இந்த மருத்துவப் படத்தின் கணிதத்துக்குப் பூர்வீகம் மருத்துவமனை அல்ல, எண்ணெய் வயல் என்பதே என் முடிவு.

கால்டெரோனின் கேள்வி ஏன் அத்தனை கடினம்? எக்ஸ்ரே நேர்கோட்டில் போகும். மின்சாரமோ தடை குறைந்த வழிகளையெல்லாம் தேடிப் பரவும். உள்ளே ஓரிடத்தில் ஏற்படும் மாற்றம் எல்லா அளவுகளையும் சற்றே அசைக்கும். மேற்பரப்பு அளவில் நூலிழை பிசகினாலும் உள்ளே வரும் படம் தாறுமாறாகிவிடும். கடத்துதிறன் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் நிலைக்கு மட்டுமே கால்டெரோன் ஒரு தோராய வழி காட்டினார். முப்பரிமாணத்தில், கடத்துதிறன் சீராக மாறும் பொருள்களுக்கு, மேற்பரப்பு அளவுகளே உள்ளிருப்பதை ஐயமின்றித் தீர்மானிக்கும் என்று 1987இல் ஜான் சில்வெஸ்டரும் குந்தர் உல்மனும் நிறுவினார்கள்.

கால்டெரோன் காலமானது 1998இல். எண்ணெய் நிறுவனத்தில் தோன்றிய கேள்விக்கு விடை வந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.